ஹென்றியுடன் மட்டும் ஓடத் தகுதியுள்ள கார்

ஒரு கார் ஓடுகிறதா என்பதும், அது ஓடத் தகுதியுள்ளதா என்பதும் இரண்டு வெவ்வேறு கேள்விகள். முதல் கேள்விக்குச் சாவி போதும். இரண்டாவதற்கு விண்ணப்பம் ஒன்று, நகல்கள் மூன்று, உறுதிமொழிப் பத்திரம், அப்புறம் மாட்சிமை பொருந்திய ஓர் ஆய்வு நிலையம் ஆகியவை வேண்டும். தூத்துக்குடியில் கயிறும் தார்ப்பாயும் விற்கிற சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சிக்கு இந்த வித்தியாசம் ஐம்பத்தெட்டு வயது வரை தெரியாமலே இருந்தது. அவருடைய சின்னக் காருக்குப் பதினைந்து வயது முடிந்த வாரத்தில்தான் தெரியவந்தது.

காரின் நிறம் நீலம் என்று ஆர்.சி. புத்தகம் சொல்லும். உப்புக் காற்று வேறு மாதிரி சொல்லும். மற்றபடி அந்தக் கார் ஒரு நாளும் வழியில் நின்றதில்லை. அண்ணாச்சி அதை விடாமல் வைத்திருந்ததற்கு அதைவிடப் பெரிய காரணம் அவர் மனைவி இசக்கியம்மாள். பஸ்ஸில் ஏற்றினால் மூன்றாவது நிறுத்தத்தில் அவளுக்கு வாந்தி வரும். ஏசி கார் என்றால் கதவைச் சாத்தியதுமே வரும். மருமகன் சிவப்பிரகாஷ் புதிதாக ஒரு பெரிய கார் வாங்கியிருந்தான். அதற்குக் கூரை திறக்கும், வாய் பேசும். அந்தக் கார் ‘சீட் பெல்ட் அணியவும்’ என்று சொல்லி முடிப்பதற்குள் அவள் இறங்கி ஓடிவிட்டாள். இந்தச் சின்னக் காரில் மட்டும் கன்னியாகுமரி வரைக்கும் கடலை தின்றுகொண்டே போவாள்.

“மாமா, இதையெல்லாம் இப்ப யாரு வச்சிருக்கா? கல்யாண மண்டபத்துல கொண்டு நிறுத்தினா சமையக்காரன் வண்டின்னு பின்பக்கம் அனுப்புதான்” என்பான் சிவப்பிரகாஷ்.

“பின்பக்கம்தான் மாப்ள பந்தி சீக்கிரம் கிடைக்கும்” என்பார் அண்ணாச்சி.

மகள் பிரேமா எட்டயபுரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவளுக்குத் தலைப்பிரசவம். பன்னிரண்டாம் தேதி வளைகாப்பு. அன்றே தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். வளையலும் சீரும் வாங்கி வைத்தாகிவிட்டது. ஒன்றாம் தேதி கடிதம் வந்தது. ‘தங்களது வாகனம் தனது பதினைந்து ஆண்டுகளை நிறைவு செய்திருப்பதால், அது தகுதியுடையது என நிரூபிக்கப்படும் வரை தகுதியற்றதாகக் கருதப்படும்’ என்று அதில் கண்டிருந்தது.

மாப்பிள்ளையூரணியைத் தாண்டி, உப்பளங்களுக்கு நடுவே புதிதாகத் திறந்திருந்த வாகனத் தகுதி ஆய்வு நிலையத்துக்கு அண்ணாச்சி போனார். அங்கே இருந்த பிரேக் இன்ஸ்பெக்டரின் பெயர் ரெக்சன். முப்பது வயது, சலவைச் சட்டை. ஒரு டீ கூட வெளி ஆளிடம் வாங்கிக் குடிக்காத மனிதர். நேர்மையில்லாதவராக இருந்திருந்தால் ஏதாவது ஒரு வழி பிறந்திருக்கும். ரெக்சன் நேர்மையானவர். சிக்கலே அதுதான்.

“வண்டியைக் கொண்டு வாங்க, பாத்துருவோம்” என்றார் ரெக்சன்.

“நாளைக்கே ஓட்டிட்டு வாரேன் சார்.”

“ஓட்டக் கூடாது. எஃப்.சி. இல்லாத வண்டி ரோட்டுல ஓடுறது குற்றம்.”

“எஃப்.சி. வாங்கத்தான சார் ஓட்டிட்டு வாரேன்?”

“வாங்கினப்புறம் ஓட்டுங்க. இப்ப ஏத்திக் கொண்டு வாங்க.”

அண்ணாச்சி பாண்டியராஜின் ரெக்கவரி வண்டியைப் பேசினார். மெக்கானிக் ஹென்றியையும் துணைக்குக் கூப்பிட்டார். அந்தக் கார் வாங்கிய நாள் முதல் அதைப் பார்ப்பவன் ஹென்றிதான். அதன் இருமலை வைத்தே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவான். ஆபீஸ் வேலை என்றால் சாயங்காலம் ஆகிவிடும் என்று இசக்கியம்மாள் நான்கு அடுக்கு டிபன் கேரியரில் புளியோதரை கட்டிக்கொண்டாள். ரெக்கவரி வண்டியின் முன்சீட்டில் ஏற மறுத்துவிட்டாள்.

“வேற வண்டியில ஏறினா எனக்கு ஒத்துக்கிடாது. நான் என் கார்லயே இருந்துக்கிடுதேன்.”

ரெக்கவரி வண்டியின் மேல் சின்னக் கார், அதற்குள் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு இசக்கியம்மாள். சப்பரத்தில் அம்மன் வருகிற மாதிரி ஊர்வலம் புறப்பட்டது. வழியில் இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

உப்பளத்துப் பக்கம் வந்ததும் ரெக்கவரி வண்டி மூன்று முறை குலுங்கி நின்றுவிட்டது.

பாண்டியராஜ் இறங்கிப் பார்த்தான். “எப்படி நிக்கும்? போன மாசம்தான அண்ணாச்சி எஃப்.சி. எடுத்தேன்!” என்று கண்ணாடியில் ஒட்டியிருந்த சான்றிதழைக் காட்டினான்.

“அதைக் கிழிச்சு எஞ்சின்ல வையி. ஓடுதான்னு பாப்போம்” என்றான் ஹென்றி.

வேறு வழியில்லை. காரை இறக்கினார்கள். ரெக்கவரி வண்டியில் ஏற்றி வந்திருந்த கடைச் சரக்கில் நல்ல கயிறாக ஒன்றை எடுத்துக் கட்டினார் அண்ணாச்சி. தகுதியற்ற கார், தகுதியுள்ள ரெக்கவரி வண்டியை இழுத்துக்கொண்டு, முதல் கியரிலேயே ஒன்றரை கிலோமீட்டர் போய் ஆய்வு நிலையத்து வாசலில் நின்றது.

ரெக்சன் பதிவேட்டைத் திறந்தார். “ரெக்கவரி வண்டி மூலம் இழுத்துவரப்பட்ட கார், ஒன்று” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்.

“சார், நல்லாப் பாருங்க. கார்தான் இழுத்துட்டு வந்திருக்கு.”

“பாத்தேன்.”

“அப்ப பாத்ததை எழுதலாமே?”

“பாத்ததை எழுத இதுல கட்டம் இல்லையே” என்று ரெக்சன் உண்மையான வருத்தத்தோடு சொன்னார்.

நிலையத்துக்குள் குளிரூட்டப்பட்ட அறையில் ஒரு மெஷின் இருந்தது. கடல் கடந்து வந்தது. முன்பெல்லாம் பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியில் ஏறி உட்கார்ந்து, ஓட்டச் சொல்லி, பிரேக்கை மிதிக்கச் சொல்லிப் பார்ப்பார். மனிதக் கண் தவறக்கூடியது என்று கண்டறியப்பட்டதால் இப்போது மெஷின் பார்க்கிறது. மெஷினை ரெக்சன் பார்க்கிறார்.

அண்ணாச்சி காரை உருளைகளின் மேல் ஏற்றி நிறுத்தினார். மெஷின் முனகியது. திரையில் எழுத்து வந்தது: வாகனம் இல்லை.

“கார் வரலைன்னு சொல்லுது” என்றார் ரெக்சன்.

“சார், நான் காருக்குள்ள இருந்துதான் பேசுதேன்.”

“நீங்க வந்திருக்கீங்க. அதுல சந்தேகமில்லை. கார்தான் வரலை.”

ஹென்றி குனிந்து மெஷினின் அடியைப் பார்த்தான். “சார், இது இந்தக் காலத்துப் பெரிய காருக்குன்னு வச்ச மெஷினு. குறைஞ்ச எடைன்னு ஒரு நம்பர் போட்டிருக்கும். நம்ம வண்டி அதுக்கும் கீழ. அந்த நம்பரை மாத்தினா அஞ்சு நிமிசத்துல சரியாயிரும்.”

“மெஷின்ல கைவைக்க எனக்கே அதிகாரம் இல்லை. கம்பெனி ஆள் வரணும்.”

“எப்ப வருவாரு?”

“ஆறு மாசத்துக்கு ஒருமுறை. போன வாரம்தான் வந்துட்டுப் போனாரு.”

அண்ணாச்சிக்கு வளைகாப்புத் தேதி கண் முன்னால் வந்தது. “எடைதான வேணும்?” என்று பாண்டியராஜையும், ஹென்றியையும், மனைவியையும், கடைக்குக் கொண்டுபோக வைத்திருந்த மூன்று கயிற்றுச் சுருள்களையும் காருக்குள் ஏற்றினார். மெஷின் இப்போது கண் விழித்தது. திரையில் எழுத்து வந்தது: அதிக பாரம்.

கயிற்றை இறக்கினார்கள். அதிக பாரம். பாண்டியராஜை இறக்கினார்கள். மெஷின் சற்று யோசித்தது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அதுவும் எடையைக் கொஞ்சம் கூட்டியிருக்கலாம். பச்சை விளக்கு எரிந்தது. பிரேக் நன்று. புகை நன்று. விளக்கு நன்று. இசக்கியம்மாள் கேரியரைக் கீழே வைக்கலாமே என்று கதவுக்கு வெளியே நீட்டினாள். உடனே ‘வாகனம் இல்லை’ என்று வந்தது. மடியில் வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது.

“ஏளா, அசையாத” என்றார் அண்ணாச்சி.

அரை மணி நேரத்தில் சான்றிதழ் தயாரானது. ரெக்சன் நேர்மையானவர் என்று முன்பே சொன்னோம். எந்த நிலையில் சோதித்தாரோ அந்த நிலைக்குத்தானே அவர் சான்று தர முடியும்? இப்படி எழுதிக் கொடுத்தார்: ‘மேற்படி வாகனம், உரிமையாளர் திரு. சிவனணைந்தபெருமாள், அன்னாரின் மனைவி திருமதி. இசக்கியம்மாள், மெக்கானிக் திரு. ஹென்றி, மற்றும் நான்கடுக்கு உணவுக்கலன் ஒன்று (நிறைந்தது) ஆகியவற்றுடன் சாலையில் ஓடத் தகுதியுடையது என இதனால் சான்றளிக்கப்படுகிறது. பிற நிலைகளில் இச்சான்று செல்லாது.’

அண்ணாச்சி இரண்டு முறை படித்தார். “சார், நான் எங்க போனாலும் ஹென்றியைக் கூட்டிட்டுப் போகணுமா?”

“கார் போனா ஹென்றியும் போகணும். நீங்க நடந்து போனா தேவையில்லை.”

“பசிக்குது. சோறு திங்கலாமா?” என்றாள் இசக்கியம்மாள்.

ரெக்சன் நெற்றியைத் தேய்த்தார். கடைசியில், “காருக்குள்ளயே இருந்து சாப்பிடுங்கம்மா. கேரியர்ல இருந்து வயித்துக்குப் போனாலும் மொத்த எடை மாறாதில்லையா” என்றார். சட்டத்தை மனிதாபிமானத்தோடு அணுகுகிறவர் என்று அவருக்கு ஊரில் பெயர் உண்டு.

பன்னிரண்டாம் தேதி காலையில் ஹென்றி பட்டறையைப் பூட்டிவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். “எனக்கு அங்கன யாரையும் தெரியாதே அண்ணாச்சி” என்றான்.

“நீ விருந்தாளி இல்லலே. உதிரிபாகம். பேசாம ஏறு.”

நெடுஞ்சாலையில் முத்துச்செல்வம் என்ற போலீஸ்காரர் காரை நிறுத்தி, சான்றிதழை வாங்கி, பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டார். சிவனணைந்தபெருமாள் உண்டு. இசக்கியம்மாள் உண்டு. ஹென்றி உண்டு. கேரியரைத் திறக்கச் சொல்லி, நிறைந்திருக்கிறதா என்று பார்த்தார். எல்லாம் ஒழுங்காக இருந்ததில் அவருக்கே சற்று ஏமாற்றம்.

வளைகாப்பு நன்றாக நடந்தது. குடும்பப் போட்டோவில் ஹென்றியும் நின்றான். “இது யாரு, உங்க தம்பியா?” என்று சம்பந்தியம்மா கேட்டார். “இல்ல, காரோட வந்தது” என்றார் அண்ணாச்சி.

புறப்படும்போதுதான் சங்கடம். சான்றிதழில் பிரேமா இல்லை. சிவப்பிரகாஷுக்குக் கொண்டாட்டம். “நான்தான் சொன்னேன்ல மாமா? அவ என் வண்டியில வரட்டும்” என்றான். இசக்கியம்மாளோ மகளோடு போக முடியாது. வாந்தி ஒரு பக்கம். அவள் இறங்கினால் கார் தகுதியிழந்துவிடும் என்பது இன்னொரு பக்கம். எட்டு மாதத்துப் பிள்ளைத்தாய்ச்சி ஒரு காரில், பெற்றவள் வேறு காரில். பின்கண்ணாடி வழியாக மகளுடைய முகம் தெரிகிறதா என்று கழுத்து வலிக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். புடவைத் தலைப்பால் அடிக்கடி கண்ணாடியைத் துடைத்தாள். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

பத்துக் கிலோமீட்டர் போவதற்குள் பெரிய கார் நின்றுவிட்டது. அண்ணாச்சி சின்னக் காரைப் பின்னால் எடுத்து அதன் பக்கத்தில் நிறுத்தினார். ஒரு கோளாறும் இல்லை. ‘மென்பொருள் புதுப்பிக்கப்படுகிறது, காத்திருக்கவும்’ என்று அதுவே சொன்னது. எவ்வளவு நேரம் என்று சிவப்பிரகாஷ் கேட்டான். ‘உங்கள் கேள்வி புரியவில்லை’ என்றது. மத்தியான வெயில் தார் ரோட்டில் கொதித்தது. ஏசி நின்ற காருக்குள் பிரேமா வளையல் கையால் விசிறிக்கொண்டு, “அம்மா, எனக்கு என்னமோ செய்யுது” என்றாள்.

இசக்கியம்மாள் எட்டி மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சின்னக் காரின் கதவைத் திறந்தாள். “ஹென்றி, நீ இறங்கு. பிள்ளை ஏறட்டும்.”

ஹென்றி இறங்கிப் பெரிய காருக்குத் துணை நின்றான். அண்ணாச்சி காரை விரட்டினார். முத்துச்செல்வம் அதே இடத்தில் நின்று கைகாட்டினார்.

“சிவனணைந்தபெருமாள்?”

“உண்டு.”

“இசக்கியம்மாள்?”

“உண்டு.”

“ஹென்றி?”

பிரேமா, இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல் குலுங்க, வலக்கையைத் தூக்கினாள். “உண்டு” என்றாள்.

முத்துச்செல்வம் வளையலைப் பார்த்தார். தலையில் இருந்த மல்லிகையைப் பார்த்தார். வயிற்றைப் பார்த்தார். பிறகு காகிதத்தைப் பார்த்தார். “ஆள் மூணு, சரியா இருக்கு. போங்க. பள்ளத்துல பாத்து ஓட்டுங்க, ஹென்றிக்கு ஆகாது” என்று வழிவிட்டார்.

பிரேமாவுக்கு ஒன்றுமில்லை, வெயில் மயக்கம்தான் என்று டாக்டர் சொன்னார். மூன்று வாரம் கழித்து ஆண் குழந்தை பிறந்தது. ஆனால் அண்ணாச்சிக்கு அன்றைக்கு நெடுஞ்சாலையிலேயே ஞானம் பிறந்துவிட்டது. ஹென்றி என்பது ஆள் இல்லை, எடை. மறுநாளே ரெக்சனிடம் போய் அதைச் சொன்னார். ரெக்சனுக்கு அதில் இருந்த நியாயம் புரிந்தது. மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் அதற்கும் மேலிடத்துக்கு எழுதியது. அதிசயமாக ஒரே மாதத்தில் சுற்றறிக்கை வந்தது: ‘ஹென்றி என்னும் சொல், ஹென்றியையோ, எழுபத்திரண்டு கிலோ எடையுள்ள, முத்திரையிடப்பட்ட மூட்டையையோ குறிக்கும்.’

தார்ப்பாய் அண்ணாச்சி கடையில் இருந்தது. மணலோ மாவட்டம் முழுக்க இருந்தது. ‘ஹென்றி’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த மூட்டைகள் கடை வாசலில் அடுக்கப்பட்டன. சின்னக் கார் வைத்திருந்தவர்கள் சாத்தான்குளத்தில் இருந்தெல்லாம் வந்தார்கள். அந்த மெஷினால் அவர்களும் ‘வராத’ கார்களோடு அலைந்தவர்கள்தான். மூட்டையைப் பின்சீட்டில் வைத்து, பெல்ட் மாட்டி, பச்சை விளக்கு வாங்கிப் போனார்கள்.

பிறகு ஒரு மோஸ்தரே கிளம்பியது. பச்சை ஹென்றி, ஊதா ஹென்றி, ஜரிகை வைத்த கல்யாண ஹென்றி. பெரிய கார்க்காரர்களுக்கு மூட்டை தேவையே இல்லை. ஆனாலும் ஹென்றி இல்லாத கார் மொட்டையாகத் தெரிகிறது என்று பேச்சு வந்தது. முதலில் வந்து வாங்கியவன் சிவப்பிரகாஷ். “இரட்டைத் தையல்ல ஒண்ணு குடுங்க மாமா. ஆபீஸ்ல எல்லாரும் வச்சிருக்காங்க” என்றான்.

இப்படி இருக்கும்போது ரெக்சன் ஒருநாள் முகமெல்லாம் சிரிப்பாகக் கடைக்கு வந்தார். “அண்ணாச்சி, நல்ல சேதி. கம்பெனி ஆள் வாராரு. ஹென்றி சொன்ன மாதிரி நம்பரை மாத்திட்டா இனி எந்தக் காருக்கும் மூட்டை வேண்டாம்.”

அண்ணாச்சியின் கையில் இருந்த கோணி ஊசி நின்றது.

மறுநாள் ஆய்வு நிலைய வாசலில் நூற்றுக்கும் மேல் கூட்டம். சான்றிதழில் ஹென்றி இருக்கிறவர்கள், மெஷினைத் திருத்தினால் தங்கள் சான்று செல்லாமல் போகும் என்று பயந்து வந்தார்கள். மூட்டை தைக்கிறவர்கள் வந்தார்கள். மணல் அள்ளுகிறவர்கள் வந்தார்கள். ‘மக்களின் நீண்டகாலப் பழக்கத்துக்கு மாறாக மெஷினைப் பழுதுபார்க்கும் முயற்சியைக் கைவிட வேண்டும்’ என்று மனு. முதல் கையெழுத்து அண்ணாச்சியுடையது. ரெக்சன் மனுவைப் படித்தார். அதற்குப் பதிவேட்டில் ஒரு கட்டம் இருந்தது. பதிந்துகொண்டார். கம்பெனி ஆள் டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்.

பேரனுக்கு மொட்டை போடத் திருச்செந்தூர் போகிற நாளில் ஹென்றியையும் வரச் சொல்லியிருந்தாள் இசக்கியம்மாள். “அன்னைக்கு நடுரோட்டுல இறங்கி நின்ன பிள்ளை” என்று அவளுக்கு அவன்மேல் பாசம். பிரேமாவும் குழந்தையும் சிவப்பிரகாஷோடு முன்னாலேயே போய்விட்டார்கள். சின்னக் காரில் அண்ணாச்சியும் இசக்கியம்மாளும் முன்சீட்டில், கேரியர் அவள் மடியில். பின்சீட்டில் மூட்டை ஒரு ஓரம், ஹென்றி ஒரு ஓரம்.

ஊர் எல்லையில் முத்துச்செல்வம் நின்றார். அவரை அங்கே மாற்றியிருந்தார்கள். உள்ளே எட்டிப் பார்த்தார். “ரெண்டு ஹென்றி இருக்கே. சான்றிதழ்ல ஒண்ணுதான போட்டிருக்கு. ஒண்ணை இறக்குங்க.”

“சார், நான்தான் ஹென்றி” என்றான் ஹென்றி.

“முத்திரை இருக்கா?”

ஹென்றி தன் சட்டையைத் தடவிப் பார்த்தான். இல்லை.

அண்ணாச்சி திரும்பி இரண்டு பேரையும் பார்த்தார். மூட்டையை இறக்கினால் ரோட்டில் யார் காவல் இருப்பது? அதுவும் கடையில் முதன்முதலாகத் தைத்த மூட்டை. இசக்கியம்மாள் கேரியரை இறுகப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள்.

“ஹென்றி, கோவிச்சுக்கிடாத. சட்டம்னு ஒண்ணு இருக்குல்லா” என்றார் அண்ணாச்சி.

ஹென்றி இறங்கிக் கதவைச் சாத்தினான். மூட்டையின் பெல்ட் சரியாக மாட்டியிருக்கிறதா என்று முத்துச்செல்வம் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, சல்யூட் அடித்தார். ஒரு சத்தமும் இல்லாமல், வெண்ணெய் மாதிரி கார் கிளம்பிப் போயிற்று. முந்தின நாள்தான் ஹென்றி அதை டியூன் செய்து கொடுத்திருந்தான்.